இனக்கலப்பைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுவின் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய பகுதிகள்) கலப்பதாகக் கொண்டு பிணைப்புகளை விளக்குவதே வேதியியலில் இனக்கலப்பு. அதைக் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்களின் வகுப்புகளில் அமர்ந்து கேட்கும்போதெல்லாம் அதே தவறுகளையே காண்கிறேன். எலக்ட்ரான் அமைப்பை மாற்றி எழுதுவது போன்ற சறுக்கல்கள் பழகப் பழகத் தாமே நீங்கிவிடும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளைவைக் காரணமாகச் சொல்வது

கார்பன் எஸ்பி3 இனக்கலப்பு (ஓர் எஸ், மூன்று பி ஆர்பிட்டால்களின் கலப்பு) அடைவதால்தான் மீத்தேன் நான்முகி வடிவம் பெறுகிறது என்று கற்பிப்பதை என்னால் இன்றளவும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கார்பனின் பிணைப்புகள் நான்முகியின் முனைகளை நோக்கி அமைகின்றன என்று வேதியியலாளர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874-இலேயே சொல்லிவிட்டார்கள். லைனஸ் பாலிங் இனக்கலப்பை முன்வைத்தது 1931-இல். முன்பே அறிந்திருந்த வடிவத்தைப் பிணைப்புகளின் மொழியில் விவரிக்க, எஸ், பி ஆர்பிட்டால்களைக் கணித முறையில் கலந்து பெற்ற விளக்கமே இனக்கலப்பு.

இதைச் சொல்லாமல், எலக்ட்ரான் கிளர்வுறுகிறது, பிறகு ஆர்பிட்டால்கள் கலக்கின்றன, பிறகு ஹைட்ரஜன்கள் வந்து சேர்கின்றன என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஒரு நிகழ்ச்சித் தொடராக வரைகிறார்கள். அப்படி நடந்த வகுப்பொன்றில் ஒரு மாணவி, "கலந்த பிறகு ஹைட்ரஜன் வரும்வரை கார்பன் எவ்வளவு நேரம் அப்படியே இருக்கும்?" என்று கேட்டாள். மிக நியாயமான கேள்வி. ஆசிரியரிடம் பதில் இல்லை. அந்தப் படிகள் நம் கணக்கின் படிகளே தவிர, அணு ஒவ்வொன்றாகக் கடந்து வரும் நிலைகள் அல்ல என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் குழப்பமே எழுந்திருக்காது.

இதன் விலை பிறகு தெரியும். நீரில் பிணைப்புக் கோணம் 104.5 பாகை, அதை எஸ்பி3 என்று விளக்கலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடில் கோணம் ஏறத்தாழ 92 பாகைதான். அங்கே கந்தகத்தின் பிணைப்புகளைப் பெரும்பாலும் பி ஆர்பிட்டால்களைக் கொண்டே விளக்கிவிட முடியும். இனக்கலப்பே வடிவத்தை உண்டாக்குகிறது என்று மனப்பாடம் செய்த மாணவர் இங்கேயும் நான்முகிக்குரிய 109.5 பாகையை ஒட்டிய கோணத்தை எழுதிவிட்டு, தவறு எங்கே என்று தெரியாமல் நிற்கிறார்.

ஆர்பிட்டால் எண்ணிக்கை

நான்கு கலந்தால் நான்கே கிடைக்கும்.

தனி இரட்டையை மறப்பது

அம்மோனியாவில் பிணைப்புகள் மூன்றுதான் என்றாலும், நைட்ரஜனின் தனி இரட்டைக்கும் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைக்கும்) ஓர் ஆர்பிட்டால் வேண்டும் என்பதைப் படத்திலேயே வரைந்து காட்டுங்கள்.

எஞ்சிய பி ஆர்பிட்டால்

எத்திலீனில் ஒவ்வொரு கார்பனிலும் கலவாமல் நிற்கும் பி ஆர்பிட்டாலை வரையாமல், அவை பக்கவாட்டில் மேற்பொருந்தி உண்டாகும் பை பிணைப்புக்குப் போகாதீர்கள்.

எஸ்பி3டி

டி ஆர்பிட்டாலையும் சேர்த்துக் கலக்கும் இந்த வகை தொடக்க வகுப்பில் வேண்டாம். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் டி ஆர்பிட்டால்களின் பங்கு மிகச் சிறியது என்றே பிற்காலக் கணக்கீடுகள் காட்டுகின்றன.