நல்லது செய்யப் போய்ச் செய்கிற தவறுகள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் உண்டு. வேலிக்கு மேலால் வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. புட்டு வந்த கிண்ணத்தில் இரண்டு மாங்காய், அதுவும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். அதற்குள் ஒரு முள் இருப்பது எங்களுக்குத் தெரிய மூன்று மாதம் எடுத்தது.

மாரி தொடங்கி வள்ளங்கள் கரையில் கிடந்த நேரம். பக்கத்து வளவில் குடியிருந்த அக்காவின் கணவருக்குக் கடல்தொழில். வீட்டில் காசு இல்லை என்று தெரிந்து, அம்மா எந்தக் கறி வைத்தாலும் ஒரு கிண்ணம் அனுப்புவா. முதல் இரண்டு தரம் கிண்ணம் முருங்கைக்கீரையோடு திரும்பி வந்தது. அப்புறம் கிண்ணமும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. படலையடியில் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவா. ஏதோ கோபம் என்று நினைத்தோம். விசயம் அதுவல்ல. கிண்ணத்தில் போட அவரிடம் ஒன்றுமில்லை. வெறும் கிண்ணத்தை நீட்டவும் மனமில்லை. எங்கள் நான்கு கிண்ணங்கள் அந்த வீட்டில் கடனாக அடுக்கியிருந்தன.

அதன்பிறகு வாழையிலையில் சுற்றிக் கொடுத்தோம். யோகட் கோப்பையும் பரவாயில்லை, திருப்பித் தர வேண்டிய பாத்திரமாக இல்லாவிட்டால் சரி. இதைவிடப் பலன் தந்தது இன்னொன்று: அம்மா அவரிடம் கேட்கத் தொடங்கினா. “பிள்ளை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை தாவன்”, “இந்தச் சட்டைக்குக் கொக்கி தைச்சுத் தாறியா?” ஒரு கிழமைக்குள் அக்கா எங்கள் குசினிக்குள் நின்று கதைத்துக்கொண்டிருந்தா. கொடுத்துக்கொண்டே இருந்து, எதையும் வாங்காமல் விடுவதுதான் அயலில் நாம் செய்கிற பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. உதவியவர் தன் வழியில் போய்விடுவார். மிச்சம் யாருடைய தலையில் ஏறுகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை.

சாப்பாட்டில் இன்னும் ஒன்று. திருகோணமலையில் ஒரு வேலிக்கு அங்கால் சைவக்காரர், இங்கால் முஸ்லிம் குடும்பம் என்று இருப்பது சாதாரணம். தைப்பொங்கலுக்குப் படைத்த பொங்கலை அப்படியே அனுப்பினால், வாங்குகிறவர் சங்கடப்படலாம். படைத்ததைச் சாப்பிடாதவர்கள் பலர். படைக்க முன்னமே கொஞ்சம் எடுத்து வைத்து, “இது படைக்காதது” என்று சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது. மறுபக்கமும் இதேதான். நோன்புக் கஞ்சியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். அன்று வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டியோ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். வாங்கி வைத்துவிட்டு இரகசியமாகக் கொட்டுகிறவரின் சங்கடம் அதைவிடப் பெரிது.

வழி சொல்வது சின்ன உதவிதானே என்று நினைக்காதீர்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, கையை ஏதோ ஒரு பக்கம் நீட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கன்னியா வெந்நீரூற்று அநுராதபுரம் வீதிப் பக்கம், நகரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். அதைத் தேடி வந்தவரை நிலாவெளி வீதியில் அனுப்பினால் அவருடைய பாதி நாள் போய்விடும். தெரியாவிட்டால் பக்கத்து ஓட்டோக்காரரிடம் கூட்டிப் போய் விடுங்கள். தமிழ் தெரியாதவருக்குச் சத்தமாகச் சொன்னால் விளங்கிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது!

வீதி விபத்தில் தவறு உயிரோடு விளையாடும். விழுந்தவரைக் கையிலும் காலிலும் தூக்கி ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். முதுகெலும்போ கழுத்தோ அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே நிரந்தரமாக முடக்கிவிடலாம். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அதுவரை இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம். தண்ணீர் பருக்கவும் வேண்டாம், மயக்கத்தில் புரைக்கேறும்.

சேர்த்து அனுப்பும் பொருள்களுக்கும் இதே கணக்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்குக் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள்கூட வந்து குவிந்தன. யாரோ அன்போடுதான் கட்டி அனுப்பியிருப்பார்கள். அதைப் பிரித்து, தரம் பார்த்து, அப்புறப்படுத்துகிற வேலை இங்கிருந்தவர்களுக்கு. வெள்ளம் வந்து பொதி கட்டும்போது, கிழிந்ததை ஒதுக்கிவிட்டு, முகாமில் இருப்பவரிடம் முதலில் போனில் கேளுங்கள். பல நேரம் அவர்கள் கேட்பது உள்ளாடையும் நாப்கினும்தான். சோற்றுப் பார்சலை நீட்டியபடி படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பார்சலை வாங்கியவரின் பிள்ளையுடைய வகுப்புத் தோழனும் அந்தப் படத்தைப் பார்ப்பான்.

வாயில்லாச் சீவன்களுக்குச் செய்வதிலும் பிழை விடுகிறோம். வெயிலுக்குக் குருவி குடிக்கட்டும் என்று முற்றத்தில் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லது. ஆனால் நுளம்பு முட்டை ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும். 2017 இல் திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான கிண்ணியாவை டெங்கு ஆட்டிய ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும்; இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் தும்பால் உரசிக் கழுவ வேண்டும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் பாசத்தோடு தீனி நீட்டுகிறவர்கள், வெறும் பையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படியேறுகிறார்கள். சாப்பாட்டு வாசனைக்கு மான் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். அது செமிக்காது, வெளியேயும் வராது. வயிற்றில் திரண்டு அந்த மான் சாகும். மானுக்கு அங்கே புல் இருக்கிறது. கையில் பை இருந்தால் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போங்கள்.