தூண் ஏன் நசுங்கியது?

தஞ்சாவூர் அக்ரஹாரத்து ஓட்டு வீடு ஒன்றை மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்காக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல் செய்தேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் போட்ட வரைபடத்தை அதற்குள் இறக்கியதும் திண்ணைத் தூண்களின் வட்டம் நசுங்கிப்போனது. முற்றத்துக்குள் கேமராவை நடத்தினால் காட்சி முழுக்க நடுங்கியது. மெஷ்ஷைத்தான், அதாவது புள்ளிகளை இணைத்து உருவாகும் வடிவ வலையைத்தான், கெடுத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு வாரம் தூண்களைத் திரும்பத் திரும்பச் செதுக்கினேன். அந்த வாரத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

கோளாறு வரைபடத்தில் இருந்தது. சர்வே செய்தவர்கள் யூடிஎம் ஆயத்தொலைவுகளிலேயே, அதாவது பூமியில் இடத்தை மீட்டரில் குறிக்கும் எண்களிலேயே, கொடுத்திருந்தார்கள். தஞ்சாவூரின் வடக்கு மதிப்பு, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம், ஏறத்தாழ 11.9 லட்சம் மீட்டர். பிளெண்டர் புள்ளிகளை 32 பிட் எண்களாகச் சேமிக்கிறது. அதில் ஏழு இலக்கத் துல்லியம்தான் கிடைக்கும். அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி! 20 சென்டிமீட்டர் தூண் எப்படி வட்டமாக நிற்கும்? கேமராவும் அதே படிகளில்தான் தாவியது.

இறக்கிய பிறகு பிளெண்டரில் நகர்த்திப் பார்த்தேன். பயனில்லை, புள்ளிகள் இறக்கும்போதே பக்கத்து மதிப்புக்குத் தாவி, துல்லியத்தை இழந்துவிட்டன. ஆட்டோகேடிலேயே வாசற்படியின் மூலையை 0,0-க்கு நகர்த்தி, மீட்டர் அலகில் மறுபடி ஏற்றுமதி செய்தேன். நகர்த்திய தூரத்தைத் தனியாகக் குறித்து வைத்தேன், பிறகு தெரு வரைபடத்தோடு சேர்க்க அது வேண்டும்.

தூண் உருண்டையாக நின்றது. அனிமேஷனை வீடியோவாக அல்லாமல் பிஎன்ஜி படங்களாக ரெண்டர் போட்டிருக்கிறேன். கரண்ட் போனாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். அடுத்தது ஓட்டுக்கூரை.