கதிரியக்கப் பொருள் பூட்டியிருந்தும் அலறிய டோசிமீட்டர்

இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து வெல்டிங்கின் உட்புறத்தைப் படமெடுப்பது எங்கள் வேலை. உடன் வேலை செய்பவரின் பாக்கெட் டோசிமீட்டர் (உடலில் படும் கதிர்வீச்சை அளந்து, அதிகமானால் அலாரம் அடிக்கும் கருவி), அந்தப் பொருள் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்போதே அலறியது. இடத்தின் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரில், எங்கும் இயல்பாக இருக்கும் பின்னணி அளவு மட்டும்தான். பேட்டரி மாற்றினோம். அளவுத்திருத்தத்துக்கு அனுப்பினோம்; குறையில்லை என்று திரும்பி வந்தது. நாட்கள்தான் வீணாயின.

அப்புறம்தான் கவனித்தேன்: அலறுவது எப்போதும் கீழ்த்தளத்தில், செல்போன் சிக்னல் ஒரு கோடாக இறங்கும் இடத்தில். சிக்னல் குறைந்தால் போன் கூடுதல் சக்தியில் அலை அனுப்பும். அதே சட்டைப்பையில் ஒட்டியிருந்த டோசிமீட்டரின் மின்சுற்று அந்தத் துடிப்பையும் கதிர்வீச்சாக எண்ணிவிட்டது. போனை பேன்ட் பைக்கு மாற்றியதும் நின்றது. நாங்கள் அணியும் டிஎல்டி பேட்ஜில் (உடலில் பட்ட மொத்தக் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அட்டை) மின்சுற்றே கிடையாது, அதனால் காலாண்டு அறிக்கையில் எதுவும் கூடவில்லை. பெரிய நிம்மதி. ஆனாலும் அலாரம் அடித்தால் முதலில் விலகி நின்று சர்வே மீட்டரில் பார்த்துவிடுங்கள். போனைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.