நிலையான வைப்பின் பேரில் ஒரு கடனட்டை

வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டுக் கொழும்பில் குடியேறுவோர், வங்கியில் நிலையான வைப்பொன்றை இட்டு, அதனைப் பிணையாக வைத்துக் கடனட்டை பெற்று, தொலைபேசி, மின்சாரக் கட்டணங்களை மட்டும் அதில் செலுத்தி, மாதாந்தக் கூற்றிலுள்ள முழுத் தொகையையும் உரிய திகதிக்கு முன்பே கட்டிவருவது, இங்கே ஒரு நல்ல கடன் வரலாற்றை உருவாக்க உதவும்.

கடன் கேட்டால் வங்கிகள் முதலில் பார்ப்பது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, கடன் பெற்றோரின் பதிவுகளைத் திரட்டி வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின், அதாவது 'கிரிப்'பின், அறிக்கையைத்தான். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒழுங்காகக் கட்டிய கடன்கள் அதில் இரா. வைப்பு தன் வசம் இருப்பதால், கடன் வரலாறு இல்லாதவருக்கும் வங்கி அட்டை கொடுக்கத் துணிகிறது, அவர் பணம் கட்டும் ஒழுங்கும் அந்தப் பதிவில் ஏறுகிறது. டெபிட் அட்டையை எவ்வளவு பாவித்தாலும் இப்பயன் இல்லை, ஏனெனில் அங்கே கடனே இல்லை. உறவினரின் லீசிங்குக்குப் பிணை நிற்பதைக் குறுக்குவழியாக எண்ண வேண்டாம்; அந்தப் பொறுப்பும் உங்கள் அறிக்கையில் தெரியும்.

அட்டை உள்ளவரை வைப்பை எடுக்க முடியாதாகையால், அப்பணம் விரைவில் தேவைப்படுவோருக்கு இது பொருந்தாது. கூற்றில் அச்சிட்டிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டும் பழக்கமுள்ளவர்களுக்கும் வேண்டாம். வைப்பு தரும் வட்டியைவிட, கட்டாத மீதிக்கு ஏறும் அட்டையின் வட்டி மிக அதிகம்.