பழைய ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றுபவர்களுக்கு

2என்3055 பவர் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பவர் ஆம்ப்ளிஃபயரில் பியூஸ் போடப் போட எரிகிறதா? பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அதை மட்டும் மாற்றி ஆன் செய்தால் புதியதும் நொடியில் போய்விடும். ஃபில்டர் கண்டென்சரை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் கழற்றி அளந்து பாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பயாஸ் பிரீசெட்டில்தான் (பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை, அதாவது பயாஸை, செட் செய்யும் குட்டி வேரியபிள் ரெசிஸ்டர்). கார்பன் தடம் தேய்ந்து நடுக்கால் தொடர்பு விட்டால், பல சர்க்யூட்டுகளில் பயாஸ் உச்சத்துக்கு ஏறி டிரான்சிஸ்டரை எரித்துவிடும். அதே மதிப்பில் மூடிய மல்ட்டி டர்ன் பிரீசெட் போடுங்கள்.

டிரான்சிஸ்டரின் உலோக உடம்பே கலெக்டர். மைக்கா ஷீட்டின் இருபுறமும் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெலிதாகத் தடவி, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டு மாட்டுங்கள். உடம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்ட்டிமீட்டர் 'பீப்' அடிக்கவே கூடாது.

முதல் முறை ஆன் செய்யும்போது ஸ்பீக்கரைக் கழற்றி, பயாஸைக் குறைந்தபட்சத்தில் வைத்து, மெயின் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள் (எல்இடி உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

டூயல் சப்ளை (பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளை) செட் என்றால் ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகே பல்பை எடுத்துவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் பயாஸை வையுங்கள். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 30 மில்லிஆம்பியர். ஹீட் சிங்க் சூடேறிய பின் இன்னொரு முறை அளந்து திருத்துங்கள்.