நவம்பர் 23: ஃபிபனாச்சி எண்களை எழுதியும் வரைந்தும் கொண்டாடும் முறை

மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாக எழுதும் அமெரிக்க வழக்கப்படி நவம்பர் 23 என்பது, முந்தைய இரு எண்களின் கூடுதலே அடுத்த எண்ணாகும் ஃபிபனாச்சி எண்களின் தொடக்கமான 1, 1, 2, 3 என்று வருவதால், கணித ஆர்வலர்கள் அந்நாளை ஃபிபனாச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பிள்ளைகளுடன் அமர்ந்து செய்வதற்கு வரைபடத்தாள், பென்சில், அளவுகோல், கவராயம் ஆகியவை போதும்.

ஃபிபனாச்சி என்பது இத்தாலியின் பீசா நகரத்து லியனார்டோவுக்குப் பிற்காலத்தார் வழங்கிய பெயர். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பெஜாயா துறைமுகத்தில் பீசா வணிகர்களுக்காகப் பணியாற்றிய அவருடைய தந்தை, மகனையும் அங்கே வரவழைத்துக் கணக்குப் பயில வைத்தார். அங்கே அறிந்த இந்திய எண்முறையை, பூச்சியம் உட்பட, 1202இல் எழுதிய ‘லிபர் அபாச்சி’ நூலில் விரிவாக விளக்கியதே அவருடைய பெருஞ்செயல் என்பது என் கருத்து. அந்நூலின் எண்ணற்ற கணக்குகளுள் முயல் கணக்கும் ஒன்று; நாமும் அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: முயல் அட்டவணை

ஓரிடத்தில் ஒரு ஜோடி முயல்கள் அடைக்கப்பட்டுள்ளன. வளர்ந்த ஒவ்வொரு ஜோடியும் மாதம் ஒரு ஜோடி ஈனும், பிறந்த ஜோடி ஒரு மாதத்தில் வளர்ந்து, பிறந்து இரண்டு மாதம் ஆனதிலிருந்து ஈனும், எதுவும் இறப்பதில்லை. ஓராண்டு முடிவில் எத்தனை ஜோடிகள் இருக்கும்?

தாளில் ‘வளர்ந்தவை’, ‘குட்டிகள்’, ‘மொத்தம்’ என மூன்று பத்திகள் இடுங்கள். தொடக்க நிலையைக் காட்டும் முதல் வரியில் 1, 0, 1 என்று எழுதுங்கள். அடுத்த வரிகளில், மேல்வரியின் மொத்தத்தை ‘வளர்ந்தவை’ பத்தியிலும், மேல்வரியின் வளர்ந்தவற்றைக் ‘குட்டிகள்’ பத்தியிலும் எழுதிக் கூட்டுங்கள். 1, 1, 2 என்றும், பிறகு 2, 1, 3 என்றும், பிறகு 3, 2, 5 என்றும் வரும். முந்தைய இரு மொத்தங்களின் கூடுதலே அடுத்த மொத்தமாவது ஏன் என்பதை அட்டவணையே காட்டிவிடுகிறது: சென்ற மாதத்து முயல்கள் அனைத்தும் நீடிக்கின்றன, அதற்கும் முந்தைய மாதத்தில் இருந்தவை மட்டுமே இப்போது குட்டி ஈனுகின்றன. பன்னிரண்டாம் மாத முடிவில், அதாவது பதின்மூன்றாம் வரியில், 377 வர வேண்டும். லியனார்டோ கண்ட விடையும் அதுவே.

இவ்வெண்கள் அவருக்கு முன்பே இந்தியாவில் அறியப்பட்டிருந்தன. ஒரு மாத்திரை கொண்ட குறுகிய அசையான லகுவையும் இரண்டு மாத்திரை கொண்ட நீண்ட அசையான குருவையும் அடுக்கி, குறித்த மாத்திரை அளவுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணிய விரகாங்கர், ஹேமச்சந்திரர் ஆகிய யாப்பறிஞர்கள் இவ்விதியைக் கண்டனர். நான்கு மாத்திரைக்கு ஐந்து விதங்கள் வருவதை நீங்களே எழுதிப் பார்க்கலாம். நவம்பர் 23 அன்று இவர்களையும் நினைவுகூர்வதே முறை.

படி 2: சதுரங்கள்

5 மில்லிமீட்டரை ஓர் அலகாகக் கொண்டு, 13 அலகு அகலமும் 21 அலகு உயரமும் உள்ள செவ்வகத்தை மெல்லிய கோட்டால் வரையுங்கள். அதனுள் இடமிருந்து 3 அலகும் கீழிருந்து 5 அலகும் தள்ளி, 1 அலகுச் சதுரம் ஒன்றை வரையுங்கள். அதன் வலப்பக்கத்தில் இன்னொரு 1, இரண்டுக்கும் மேலே 2, இடப்பக்கத்தில் 3, கீழே 5, வலப்பக்கத்தில் 8, மேலே 13 என்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்தால் செவ்வகம் இடைவெளியின்றி நிரம்பும். நிரம்பாவிட்டால், பெரும்பாலும் முதற்சதுரத்தின் இடம்தான் பிசகியிருக்கும்.

படி 3: சுருள்

முதற்சதுரத்தின் மேல் இடமூலையில் தொடங்கி, ஒவ்வொரு சதுரத்திலும் எதிர்மூலை வரை கால்வட்டம் இடுங்கள். கவராய முள்ளை ஊன்றும் மூலைகள்: முதல் இரண்டுக்கும் பொதுவான பக்கத்தின் மேல்முனை, 2க்குக் கீழ் இடமூலை, 3க்குக் கீழ் வலமூலை, 5க்கு மேல் வலமூலை, 8க்கு மேல் இடமூலை, 13க்கு மீண்டும் கீழ் இடமூலை. முள்ளை மாற்றும்போதெல்லாம் கவராயத்தின் அகலத்தையும் அச்சதுரத்தின் பக்க அளவுக்கு மாற்ற மறவாதீர்கள்.

படி 4: சரிபார்த்தல்

சதுரங்களின் பரப்புகளைக் கூட்டுங்கள்: 1 + 1 + 4 + 9 + 25 + 64 + 169 = 273. செவ்வகத்தின் பரப்பாகிய 13 × 21 என்பதும் 273தான். பின்னர் 21ஐ 13ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.615 கிடைக்கும்; முயல் அட்டவணையின் 377ஐ 233ஆல் வகுத்தால் 1.618 என்று, இவ்வகுத்தல்கள் நெருங்கிச் செல்லும் எண்ணாகிய பொன் விகிதத்தை மேலும் நெருங்கும்.

படத்தை மேலும் வளர்க்க விரும்புவோர் 21 அலகுச் சதுரத்தை இடப்பக்கத்தில் சேர்க்க வேண்டும். அதற்குத் தாளை அகலவாக்கில் வைத்து, இடப்பக்கத்தில் 3 அலகுக்குப் பதிலாக 24 அலகு விட்டுத் தொடங்குங்கள்.