பழைய வால்வு வாங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

பழைய ஆம்ப்ளிஃபயர், ரேடியோக்களில் டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்த கண்ணாடிக் குழாய்தான் வால்வு. அதன் கண்ணாடியில் பிரிட்டிஷ் கம்பெனியான ‘மல்லார்ட்’ பெயர் அச்சடித்திருக்கிறது, ஆகவே இது மல்லார்ட்தான் என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பழைய வால்வு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். அந்த அச்சு வெறும் மை. விரலால் தேய்த்தாலே போய்விடும்; போக்கிவிட்டு வேறு பெயர் அடிப்பதும் பெரிய வேலையில்லை.

ஏமாற்றுக்காரர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. வால்வு காலத்திலேயே கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று சரக்கு வாங்கித் தங்கள் பெயரை அடித்து விற்றன. மல்லார்டின் சொந்தக்காரரான பிலிப்ஸுக்கு இங்கிலாந்தில் பிளாக்பர்ன், நெதர்லாந்தில் ஹேர்லன், ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று பல ஊர்களில் ஆலைகள். ஓர் ஊரில் செய்தது இன்னொரு நாட்டில் வேறு பெயரில் விற்கும். மல்லார்ட் பெயர் தாங்கிய கிழக்கு ஜெர்மனி வால்வும் உண்டு, ஹங்கேரி வால்வும் உண்டு. அவை மோசமானவை என்றில்லை. ஆனால் பிளாக்பர்ன் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

சரி, பெயரை நம்பக்கூடாது என்றால் எதைப் பார்ப்பது? பிலிப்ஸ் குழும வால்வுகளில் பின்களுக்குச் சற்று மேலே, கண்ணாடியின் அடியோரத்தில், அமிலத்தால் பொறித்த இரண்டு வரிக் குறியீடு இருக்கும். மங்கலான சாம்பல் நிறம். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திருப்ப வேண்டும். இசிசி83 என்ற வகை வால்வு ஒன்றில் மேல்வரி ‘ஐ61’ (I61), கீழ்வரி ‘பி6டி3’ (B6D3) என்று ஆங்கில எழுத்துகளில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்வரி இது இசிசி83 என்றும், அதன் வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றம் என்றும் சொல்கிறது. கீழ்வரியில் ‘பி’ பிளாக்பர்ன் ஆலை, 6 ஆண்டின் கடைசி இலக்கம், ‘டி’ நான்காவது மாதமான ஏப்ரல், கடைசி 3 அந்த மாதத்தின் வாரம். பத்தாண்டு எது என்பதைக் குறியீடு சொல்லாது. 1956ஆ 1966ஆ என்று உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகட்டின் வடிவத்தையும், மிச்சக் காற்றை உறிஞ்சும் பூச்சுக்கான கெட்டர் வளையத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹேர்லன் ஆலைக்கு எழுத்துக்குப் பதிலாக ஒரு சிறு முக்கோணம். ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வான ஈஎல்34-க்கு மேல்வரி ‘எக்ஸ்எஃப்’ (Xf) என்று தொடங்கும். விற்பவர் இந்த இடத்தைப் படமெடுத்து அனுப்ப மறுத்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜெர்மன் கம்பெனியான டெலிஃபங்கன் விஷயத்தில் வேலை சுலபம். அவர்களுடைய இசிசி83 போன்ற 9 பின் வால்வுகளில், அடிக்கண்ணாடியில் பின்களுக்கு நடுவே ஒரு சாய்சதுர முத்திரை வார்த்திருக்கும். பெயரை யாரும் அடித்துவிடலாம், வார்ப்பை அப்படிச் செய்ய முடியாது. பெரிய எட்டு பின் வால்வில் அதைத் தேடி, இல்லை என்று சண்டை போடவும் கூடாது.

அமெரிக்க வால்வுகளில், செய்த கம்பெனியைக் குறிக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 274 என்றால் ஆர்சிஏ, 188 ஜெனரல் எலெக்ட்ரிக், 312 சில்வேனியா, 322 டங்சால், 280 ரேத்தியான். இதைத் தெரிந்துகொள்ளாததால் நல்ல சரக்கைக் கைவிடுகிறவர்களும் உண்டு. ஹாமண்ட் ஆர்கன், ஃபிஷர் ஆம்ப் போன்றவற்றைச் செய்தவர்கள் வால்வு தயாரிக்கவில்லை. வாங்கித் தங்கள் பெயரை அடித்துக்கொண்டார்கள். ஃபிஷர் என்று போட்டிருக்கும் சில வால்வுகளைக் கவிழ்த்தால் அந்தச் சாய்சதுரம் இருக்கும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ‘பெல்’ வால்வுகளுக்கும் இதே கதிதான். நம் ஊர்ப் பழைய ரேடியோ கடைகளில் கிடைக்கும் அவற்றை, உள்ளூர் சரக்கு என்று தள்ளிவிட்டு வெளிநாட்டுப் பெயரைத் தேடி ஓடுகிறோம்.

பளபளக்கும் புதுப் பெட்டியில் மல்லார்ட், டங்சால், கோல்ட் லயன் என்று வருபவை வேறு கதை. அந்தப் பெயர்களின் உரிமை இப்போது ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது; வால்வு வருவது ரஷ்யாவின் சராதோவ் நகரிலிருந்து. புது வால்வாக வாங்க அதில் தப்பில்லை. பழையது என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

அடுத்தது ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் உள் இழை. ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்தை ஒப்புக்குச் சப்பாணியாக நினைப்பவர்கள் பலர். ‘இ’ (E) என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். ‘பி’ (P) டிவிக்காகச் செய்தது, வரிசையாக இணைத்து 300 மில்லிஆம்பியரில் ஓடும். ‘யு’ (U) ஏசி-டிசி ரேடியோவுக்கு, 100 மில்லிஆம்பியர். இசிஎல்82-க்கு 6.3 வோல்ட் போதும். பிசிஎல்82-க்கு 16, யுசிஎல்82-க்கு 50. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிசிஎல் வாங்கி வந்து இசிஎல் சாக்கெட்டில் செருகினால் சரியாகச் சூடேறாது, பாட்டும் வராது.

சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதாலேயே மாற்றிப் போடுவதும் அப்படித்தான். 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றுக்கும் பின் வரிசை ஒன்று. ஆனால் பெருக்கம் முறையே 100, 60, 20. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வில் இது ஆபத்தாகவே முடியும். ஜிஇசட்34-இன் ஹீட்டர் 5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர் இழுக்கும், 5யு4 அதே வோல்ட்டில் 3 ஆம்பியர். அந்தக் கூடுதல் சுமையை உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றினால், அரிய வால்வு பிழைத்துக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

‘என்ஓஎஸ்’ என்று விளம்பரத்தில் கண்டால் உடனே மயங்க வேண்டாம். பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு என்பது பொருள். ‘என்ஓஎஸ் போல டெஸ்ட் ஆகிறது’ என்று போட்டிருந்தால் அது ஓடிய வால்வு, அவ்வளவுதான். பெட்டி சாட்சியாகாது, காலிப் பெட்டியும் தனியாக விற்கிறது. டெஸ்டரில் வந்த எண்ணைச் சொன்னால் எந்த டெஸ்டர், அதில் புது வால்வுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கேளுங்கள். ஹிக்காக் டெஸ்டரில் வந்த எண்ணை ஏவிஓ டெஸ்டரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. இசிசி83-க்குள் இரண்டு டிரையோடு (தனித்தனியாகப் பெருக்கும் பகுதிகள்) இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும். எமிஷன் (எலக்ட்ரான் வெளிவரும் அளவு) மட்டும் பார்க்கும் சின்ன டெஸ்டர், வால்வு இரைகிறதா, தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா என்பதையெல்லாம் சொல்லாது. அதை ஆம்பில் போட்டு, பென்சிலால் லேசாகத் தட்டித்தான் அறிய வேண்டும்.

கண்ணால் பார்த்துப் பயப்படுவதிலும் குழப்பம் உண்டு. உச்சியில் வெள்ளிபோல மின்னும் பூச்சுதான் கெட்டர். அது பால்போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் ஆம்பைப் போட்டதும் சில மல்லார்ட் வால்வுகளின் ஹீட்டர் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அடங்குவது அவற்றின் இயல்பு. பவர் வால்வின் கண்ணாடி உட்புறத்தில் நீல ஒளி படர்வதும் இயல்புதான். பிளேட்டுகளுக்கு நடுவே ஊதா மூட்டமாகத் தெரிந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. பிளேட்டே சிவந்து பழுத்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

வாங்கி வந்ததும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதோடு அச்சும் போய், திரும்ப விற்கும்போது விலையும் பாதியாகும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும், எழுத்து இருக்கும் பக்கத்தைத் தொடவே வேண்டாம். கழற்றும்போது ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும். ஆட்டினால் பின்னும் கண்ணாடியும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும்.

கடைசியாக பவர் வால்வு. பவர் வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்புக்கு நான்கு ஈஎல்34-ஐ நான்கு பேரிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்காதீர்கள். நான்கும் ஒரே குறியீடாக இருக்கலாம், பிளேட் கரண்ட் நான்கு விதமாக இருக்கும். ஒரே நிலையில் அளந்து ஜோடி சேர்த்தவையாக வாங்குங்கள், மாட்டியபின் பயஸ் (பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்ட்டை நிர்ணயிக்கும் அமைப்பு) பாருங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் ஓடும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் அது தங்கும். ஆகவே பயஸ் வைக்கப் பழக்கமில்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.